ஒரு சாண் நீள முதலை

மருதங்குளம், நாலந்தா, மாத்தளை
12.06.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் உங்கள் இருமலும் எப்படி? போன கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. குளம் வற்றி, கரையில் நிற்கும் மருத மரங்களின் வேரெல்லாம் வெளியே தெரிகிறது. வனஜீவித் திணைக்களத்து வேலையாக நான் மூன்று வருடமாகக் காவல் இருக்கும் பெண் முதலை கரையேறி மணலைக் கிளறத் தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் தோண்டும், மனம் பிடிக்காமல் விட்டுவிட்டு இன்னோரிடம் போகும். முட்டைக்கு இடம் பார்க்கிறது. பங்குனியில் ஆண் முதலையை யாரோ வெடி வைத்துக் கொன்ற பிறகு, இந்தக் குளத்தில் மிச்சம் இது ஒன்றுதான். சுற்றுவட்டாரத்துக் குளங்களிலும் முட்டையிடக்கூடிய முதலை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்த முறை குட்டி தப்பாவிட்டால் இந்தப் பக்கத்தில் முதலை என்ற பேச்சே முடிந்தது.

இன்னொரு விஷயம், கோபிக்கக் கூடாது. அதற்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறேன். வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து பேசுகிறவர்களை அசையாமல் ஒரு பார்வை பார்ப்பீர்களே, அச்சாக அதே பார்வை. மங்கையற்கரசி என்று முழுதாகக் கூப்பிட முடியாமல் மங்கை என்று சுருக்கினேன். என்னோடு காவல் வேலை பார்க்கும் ரபாயேல் இரத்தோட்டைத் தோட்டத்தில் பிறந்த மனிதர். நீங்கள் படிப்பிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, “டீச்சரம்மாவுக்கு இன்னிக்கு மனசு சரியில்லீங்க ஐயா, கிட்ட போகாதீங்க” என்று எனக்கே புத்தி சொல்கிறார்.

பஸ் ஓடுகிற நாளில்தான் தபால் போகும். பிந்தினால் யோசிக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
ஆறுமுகநாதன்

---

கொக்குவில்
03.07.1989

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர மூன்று கிழமை எடுத்தது. நான் இருமலோடு சுகம்.

கூடப்பிறந்தவளின் பெயரை முதலைக்கு வைத்தவன் இந்த இலங்கையில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அதைப் போய் உயர்தர வகுப்பில் சொல்லித் தொலைத்தேன். இப்போது நான் வாங்குக்கு வாங்கு நடந்தால் பிள்ளைகள் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பெயர் வைத்ததற்குத் தண்டனையாக நீ பார்ப்பதையெல்லாம் எனக்கு எழுத வேண்டும். புத்தகத்தில் முதலைக்கு அரைப் பக்கந்தான் இருக்கிறது. முட்டைகளைத் தொட்டால் புரட்டிவிடாதே. கோழி முட்டையைப் புரட்டி வைப்பது போல முதலை முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும்.

உன் பக்கத்துச் செய்திகள் நல்லதாக இல்லை. மாத்தளையில் கடைகளை மூடச் சொல்லிச் சுவரொட்டியாம், காலையில் தெருவோரத்தில் பிணமாம் என்று வந்தவர்கள் சொல்கிறார்கள். நீ வெயிலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். இங்கேயும் சந்திக்குச் சந்தி இந்திய ஆமிதான். ஆனாலும் இது நம்முடைய ஊர். வவுனியாவுக்காவது மாற்றம் கேள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

அன்புடன்,
அக்கா

---

மருதங்குளம்
06.08.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஆடாதோடைக் கஷாயம் குடிக்கிறீர்களா?

மங்கை முட்டையிட்டுவிட்டது. இரண்டு டசினுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தாரா முட்டையைவிடப் பெரிது, சுண்ணாம்பு வெள்ளை. பின்காலால் தோண்டிய குழிக்குள் ஒவ்வொன்றாக இட்டு, மணலால் மூடி, வயிற்றால் அமுக்கித் தடமே தெரியாமல் செய்துவிட்டது. நான் ஒன்றையும் தொடவில்லை, புரட்டவும் இல்லை.

அன்று முதல் அது குழியை விட்டு அசையவில்லை. பத்தடி தூரத்துத் தண்ணீரில் முகத்தை நனைத்துவிட்டு உடனே திரும்பி வருகிறது. தீனிகூடக் கிடையாது. கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பும் காட்டுப்பன்றியும் முட்டைக்கு வரும் என்பதால் நானும் ரபாயேலும் மருத மரத்தில் பரண் கட்டி மாறி மாறி இருக்கிறோம். சாப்பாடும் அங்கேதான். ரபாயேலின் மனைவி சவரியம்மா ரொட்டியும் சம்பலும் கொடுத்து அனுப்புவார். கொண்டு வருகிறவன் மகன் இஞ்ஞாசி. மாத்தளையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறான், இருபத்திரண்டு வயது. கைவிரலில் எப்போதும் மை. வந்தால் பரணுக்குக் கீழே நின்று மங்கைக்கு “குட் மோர்னிங் டீச்சர்” சொல்லாமல் போகமாட்டான்.

மாற்றத்தைப் பற்றிக் குட்டி பொரித்த பிறகு யோசிக்கிறேன்.

உங்கள் தம்பி,
ஆறுமுகநாதன்

---

மருதங்குளம்
02.09.1989

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் மாத்தளை ஸஹாப்தீன் நானா கையில் வருகிறது. மிளகு ஏற்றிக்கொண்டு அவருடைய லொறி யாழ்ப்பாணம் வருகிறது, திரும்பும்போது வெங்காயம். தபாலில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

இஞ்ஞாசியைக் காணவில்லை. போன கிழமை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் வேலை செய்த அச்சகத்தில் அரசாங்கத்துக்கு எதிராக ஏதோ துண்டுப் பிரசுரம் அடித்தார்கள் என்று கதை. சந்தைக்கு அருகில் அவனை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாய் திறக்கத்தான் ஆளில்லை. இரண்டாம் நாள் அவனுடைய சட்டையும் செருப்பும் எங்கள் குளக்கரையில் இருந்தன. சட்டை மடித்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல் வைத்திருந்தது. முதலை பிடித்த மனிதன் சட்டையை மடித்து வைத்துவிட்டா போவான்?

நேற்று வந்தார்கள். யார் என்று கேட்க வேண்டாம். குளிக்க இறங்கியவனை முதலை பிடித்தது என்று நான் எழுதித் தர வேண்டுமாம், முதலையைச் சுடவும் சம்மதம் தர வேண்டுமாம். அந்த நாட்களில் முதலை குழியை விட்டு அசையவில்லை. பரணில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது நானும் ரபாயேலுந்தான். வேறு சாட்சி கிடையாது.

அவர்கள் போன பிறகு ரபாயேல் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “முதலைன்னே எழுதிருங்க ஐயா. எழுதிட்டா நம்ம வீட்டுப் பக்கம் மறுபடி வரமாட்டாங்க. கொறற்றி இருக்காளே, வயசுப்புள்ள” என்று அழுதார். மரிய கொறற்றி அவருடைய மகள். பெற்ற தகப்பனே இப்படிக் கேட்கும்போது நான் என்ன செய்ய? இரண்டு கிழமை தவணை தந்திருக்கிறார்கள். நானா திரும்பி வரும்போது பதில் அனுப்புங்கள்.

ஆறுமுகநாதன்

---

கொக்குவில்
08.09.1989

தம்பி,

ஸஹாப்தீன் முற்றத்தில் காத்து நிற்கிறார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. “தங்கச்சி, சுருக்கா எழுதித் தாங்க, ஆமி ரோட்ட மூடுறதுக்கு முந்தி ஓமந்தையத் தாண்டணும்” என்கிறார். ஆகவே சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன்.

எழுதிக் கொடு. உடனே கொடு.

எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடம் விலங்கியல் படிப்பித்தவள் எழுதுகிற வார்த்தை இல்லை இது. அந்தப் பெடியன் எங்கே போனான் என்று ஊருக்கே தெரியும், அதுவும் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீ எழுத மறுத்தாலும் அவன் திரும்பி வரப் போவதில்லை. அடுத்த சட்டை உன்னுடையதாக இருக்கும். அது ஒரு முதலை, தம்பி. என் பெயர் வைத்திருந்தாலும் முதலைதான். முட்டை போனால் போகட்டும். எனக்கு நீ வேண்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டு லீவு போட்டு வா.

அக்கா

---

மருதங்குளம்
22.09.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். இருமல் குறைந்ததா?

நீங்கள் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். காரியம் முடிந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை.

இங்கே இன்னும் மழை இல்லை. மிளகு விலை இறங்கிவிட்டதாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
ஆறுமுகநாதன்

---

கொக்குவில்
30.09.1989

அன்புள்ள தம்பிக்கு,

என் இருமலை ஒரே கடிதத்தில் இரண்டு முறை விசாரித்திருக்கிறாய். உனக்கு மிளகு விலையில் என்றைக்கு அக்கறை வந்தது? மங்கையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

அதைச் சுட்டுவிட்டார்கள், அப்படித்தானே? நான்தானே எழுதச் சொன்னேன். எனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப் போகிறாய்? நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை, “டீச்சர், முதலைக்குட்டி பொரிச்சிட்டுதோ?” என்று கேட்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

இன்னொன்று. முட்டை இட்டு இரண்டு மாதம் ஆகிறது. பொரிக்கிற நேரத்தில் குட்டிகள் மணலுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். தாய் அதைக் கேட்டுத் தோண்டி எடுத்து, வாயில் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். அமுக்கி மூடிய மண், இந்தக் கோடையில் கல்லாக இறுகியிருக்கும். தானாக அவை வெளியே வர முடியாது. தாய் இல்லாவிட்டால் உள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். நீ போய்க் காதை வைத்துக் கேள்.

அக்கா

---

மருதங்குளம்
14.10.1989

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் ஸஹாப்தீன் நானா. அவர் சுகமாக இருக்க வேண்டும், நாங்கள் கடிதம் எழுதுவதே அவர் புண்ணியத்தில்.

சுட்டுவிட்டார்கள். ஆட்கள் கிட்ட வந்தபோது அது தண்ணீருக்குள் ஓடித் தப்பியிருக்கலாம். குழியை விட்டு நகராமல் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எனக்கு வேறு எதையும் எழுத வரவில்லை, அதனால்தான் மிளகு விலை எழுதினேன்.

ஆளைப் பிடித்த முதலையைக் கொன்றால் அதன் வயிற்றைப் பிளந்து, உள்ளே இருப்பதை எடுத்து வீட்டாரிடம் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சுட்டவர்களுக்கு அது நினைவில் இல்லை. ஊர்ச்சனம் கத்தியோடு வந்துவிட்டது. தடுக்கவும் அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் முதலைதான் பிடித்தது என்று சொன்னவர்களே அவர்கள்தான். சவரியம்மா ஒரு வெள்ளைத் துணியோடு முன்னால் வந்து நின்றார். மகனை அதில் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார், அக்கா.

வயிற்றில் கற்கள் இருந்தன. மீன் முள், ஆமை ஓட்டுத் துண்டு, வலைத் துணுக்கு. அவ்வளவுதான். சவரியம்மா ஒரு கல்லைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இது என்னாங்க ஐயா?”

“கல்லம்மா. முதலை விழுங்கி வைச்சிருக்கும்.”

“வேற?”

“வேற ஒண்டும் இல்லை.”

துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கூட்டமும் கலைந்தது. நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

உங்கள் கடிதம் ஆறாந்தேதி வந்தது. உடனே போய்க் காதை வைத்தேன். குரல் கேட்டது. தொண்டை கட்டிய கோழிக்குஞ்சுகள் போல, மண்ணுக்கு அடியில். நான் மண்வெட்டியை எடுத்தேன். ரபாயேல் பிடுங்கி எறிந்துவிட்டார். “வெட்டுப் பட்டிருங்க” என்று முழங்காலில் இருந்து கையாலேயே தோண்டினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துச் சாரத்து மடியில் போட்டுத் தண்ணீருக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். கையில் எடுத்ததும் கடிக்கப் பார்க்கிறது. தண்ணீரில் விடும்போது அவர் சொன்னதைக் கேட்டேன்: “உங்கம்மா எங்க வீட்டுக்கு ஒரு கெடுதலும் பண்ணலடா. போங்க.”

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. நீங்கள் சொன்னதற்காக எழுதவில்லை, எனக்கும் பயமாக இருந்தது.

ஆறுமுகநாதன்

---

மருதங்குளம்
04.11.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இருமலுக்கு மழைக்காலம் ஆகாது, காதைக் கட்டிக்கொண்டு வெளியே போங்கள்.

நல்ல மழை. குளம் ஏறிவிட்டது. குட்டிகள் தும்பியும் தவளைக்குஞ்சும் பிடித்துத் தின்கின்றன. பாதியைக் கொக்கு கொண்டுபோய்விட்டது. மிச்சத்தில் ஒன்றிரண்டு தப்பினாலே பெரிய காரியம். அதுவும் முட்டையிடப் பத்து வருடம் போக வேண்டும்.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயரை வாசிக்க இஞ்ஞாசியின் பெயரையும் ஃபாதர் கேட்டாராம். சவரியம்மா கொடுக்கவில்லை. “முதலை வயித்துல அவன் இல்ல சாமி, நான் பாத்தேன்” என்றாராம். கோயிலிலிருந்து நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க எழுதினத நீங்களே அடிச்சிருங்க ஐயா. செத்துட்டான்னு எழுதி வச்சா எம்புள்ளைய யாரு தேடுவா?”

ரபாயேல் பின்னால் நின்றார். இந்த முறை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாவது அறிக்கை எழுதி இன்று தபாலில் போட்டுவிட்டேன். முதலை அந்த நாட்களில் குழியை விட்டு அசையவில்லை, வயிற்றில் மனித உடம்பு எதுவும் இருக்கவில்லை, முதலில் எழுதியது தவறு. அவ்வளவுதான். ஸஹாப்தீன் நானா இந்த மாதம் வரவில்லை, ஆகவே இதுவும் தபாலில்தான் வருகிறது. திறந்து படிக்கிறவர்கள் படிக்கட்டும், இதையேதான் அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள்.

உங்கள் தம்பி,
ஆறுமுகநாதன்

---

கொக்குவில்
20.11.1989

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்தது சரி.

இனி அங்கே நிற்காதே. குட்டிகளை ரபாயேல் பார்த்துக்கொள்வார், மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவர் அவர்தானே. உடுத்த உடுப்போடு பஸ் ஏறு. கோபமா, வெட்கமா, எதுவானாலும் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

இரண்டு வரியாவது எழுது. மிளகு விலையானாலும் பரவாயில்லை.

அக்கா

---

மருதங்குளம்
18.12.1989

மதிப்புக்குரிய டீச்சர் அம்மாவுக்கு,

ரபாயேலின் மகள் மரிய கொறற்றி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். அப்பாவுக்கு எழுத வராது, சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

ஐயாவைப் போன திங்கட்கிழமை ஜீப்பில் வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பா பின்னால் ஓடினார், அடித்து விழுத்திவிட்டார்கள். இப்போது எழும்பி உட்காருகிறார். புதன்கிழமை குளக்கரையில் ஐயாவின் சட்டை இருந்தது. மடித்து, கல் வைத்து.

உங்கள் கடைசிக் கடிதம் ஐயா போன பிறகுதான் வந்தது. பிரிக்காமல் வைத்திருக்கிறோம். அம்மா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: “ஐயா பேரையும் கோயில்ல குடுக்காதீங்கன்னு எழுது.”

இப்படிக்கு,
மரிய கொறற்றி

---

கொக்குவில்
15.01.1990

ஐயா,

தங்கள் திணைக்களக் கடிதம் கிடைத்தது. என் தம்பி ஆறுமுகநாதன் கடமையின்போது மருதங்குளத்தில் முதலையிடம் அகப்பட்டு உயிரிழந்தார் என்று அறிவித்திருக்கிறீர்கள். அனுதாபமும் தெரிவித்திருக்கிறீர்கள். அத்துடன் வந்த பத்திரத்தில் கையொப்பமிட்டு அனுப்பினால் மரண அத்தாட்சி தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் விலங்கியல் ஆசிரியை. மருதங்குளத்தில் ஒரேயொரு பெரிய முதலைதான் இருந்தது. அதற்கு என் பெயர். செப்டெம்பரில் அதைச் சுட்டு, ஊர் பார்த்து நிற்க வயிற்றையும் பிளந்தாயிற்று. உள்ளே கல்தான் இருந்தது. இப்போது அந்தக் குளத்தில் இருப்பவை அதன் குட்டிகள். ஒக்டோபரில் பிறந்தபோது ஒரு சாண். நல்ல தீனி கிடைத்திருந்தால் இன்று ஒன்றரைச் சாண் இருக்கும். தும்பி தின்கிற வயது. ஆள் பிடிக்க இன்னும் பல வருடம் போக வேண்டும்.

என் தம்பி ஐந்தடி எட்டங்குலம்.

ஒரு முறை, முதலைதான் என்று எழுதிக் கொடு என்று அவனுக்குச் சொன்னவள் நான். அந்தப் பிழையை இரண்டாம் முறை செய்யமாட்டேன். தாங்கள் அனுப்பிய பத்திரத்தைக் கையொப்பமில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். அவன் இறந்தான் என்று நான் எழுதித் தந்தால் அவனை யார் தேடுவார்?

என் தம்பி எங்கே?

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை நான் ஒவ்வொரு மாதமும் எழுதுவேன்.

இப்படிக்கு,
மங்கையற்கரசி